மரியஅந்தோணி கட்டிய ஏணி

பெயின்டிங் மேஸ்திரி மரியஅந்தோணியின் பதினாறு அடி அலுமினிய ஏணி, 2022 ஜூன் எட்டாம் தேதி புதன்கிழமை காலை கூட்டேரிப்பட்டுக்கு அருகே ஆம்னி வேனின் கூரையிலிருந்து கழன்று, கீழே விழாமல், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், வேன் போன அதே எழுபது கிலோமீட்டர் வேகத்தில் விழுப்புரம் நோக்கித் தானே போனது. விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் ரவுண்டானாவை ஒழுங்காகச் சுற்றி, எதிர்ப்பக்கச் சாலையில் திண்டிவனம் திரும்பியது. மறுபடி விழுப்புரம் போனது. அன்று மதியத்துக்குள் அதைப் பார்க்காதவர்கள் அந்தச் சாலையில் யாரும் இல்லை.

அன்று காலை திண்டிவனத்தில் புறப்படும்போதே டிரைவர் பூமாலை சொன்னார். ஏணியை நாலு இடத்தில் கட்ட வேண்டும், முன்னால் பம்பருக்கு ஒன்று, பின்னால் ஒன்று, கேரியர் கம்பிகளில் ரெண்டு. மரியஅந்தோணி சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்முனையில் சிவப்புத் துணி ஒன்றையும் தொங்கவிட்டு, வேலை முடிந்ததென்று கையைத் தட்டிக்கொண்டார். “யோவ் பூமாலை, ஏணி என்னா மாடா, அத்துக்கினு ஓடறதுக்கு? ஏறு, ஜல்தியா.” கூட்டேரிப்பட்டில் முன்னால் போன பேருந்து நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது. பூமாலை பிரேக் அடித்தார். வேன் நின்றது. ஏணிக்கு நிற்கத் தோன்றவில்லை.

பேருந்தை ஒட்டி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவள் கிருஷ்ணவேணி. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலடியில் வைத்திருந்த சாப்பாட்டுப் பை சரிந்தது, பிடிக்கக் குனிந்தாள். முதுகுக்கு மேலே ஏதோ விசிலடித்துக்கொண்டு போனது. நிமிர்ந்தபோது, தன் கழுத்து இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு ஏணி தூரமாகிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதாள். பின்னால் நின்ற வேனின் கதவில் பெயரும் போன் நம்பரும் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை அழுதுகொண்டே படித்துவைத்தாள்.

சாயந்திரம் மரியஅந்தோணியின் வீட்டுக்கே போய்க் கேட்டாள். “அந்த ஏணி உங்களுதுதானேண்ணே? நான் குனியலன்னா இந்நேரம் என்னத் தூக்கியிருப்பாங்க.” மரியஅந்தோணி நிதானமாக, “என் ஏணி மரம்மா,” என்று சொல்லி, பக்கத்துத் தெருவிலிருந்து அரை மணி நேரம் முன்பு இரவல் வாங்கிச் சுவரில் சாய்த்திருந்த மூங்கில் ஏணியைக் காட்டினார். அந்த வாரம் திண்டிவனத்தில் ஏணி வைத்திருந்த அத்தனை பேரும் அதை வாசலில் தெரியும்படி நிறுத்தி வைத்தார்கள்.

காவல் நிலையத்தில் ஏட்டு மாரியப்பன் புகாரை முழுதும் கேட்டுவிட்டு, ஏணிக்கு நம்பர் பிளேட் இருந்ததா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் அது வாகனம் இல்லை. ஓடுவதால் கீழே கிடக்கும் பொருளும் இல்லை. இடதுபக்கமாகப் போகிறது, வலதுபக்கமாக முந்துகிறது, எதிர்த்திசையில் வந்ததே கிடையாது. அந்தச் சாலையில் விதிப்படி ஓடுவது அது ஒன்றுதான், அதன்மேல் என்ன வழக்குப் போடுவது என்றார். ஆறு மாதம் கழித்து, சாலைக்குப் பொறுப்பான அலுவலகம் இரண்டு ஊர் எல்லையிலும் ‘ஏணி வரும், குனிந்து செல்லவும்’ என்று பலகை வைத்தது. ஜனங்கள் குனிந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது புதுப் பழக்கம் அல்ல. கிருஷ்ணவேணியால் மட்டும் குனிய முடியவில்லை. ஸ்கூட்டரை உறை போட்டு மூடிவிட்டு, இரண்டு வருடம் பேருந்தில் நின்றுகொண்டே வேலைக்குப் போனாள்.

2024இல் ஒரு யூடியூப் சேனல்காரர் வந்து ஏணியைப் படம் எடுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் ஏணிக்குக் கூட்டம் சேர்ந்தது. ஓரமாக நின்று பூ வீசினார்கள். வல்லத்திலிருந்து வேனில் வந்தவர்கள் மல்லாட்டை உரித்துத் தின்றபடி காத்திருந்து கும்பிட்டுப் போனார்கள். அதுவரை யாருக்கும் சொந்தமில்லாத ஏணிக்கு இப்போது பதினொரு சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். மற்ற பத்துப் பேரைச் சும்மா விட மரியஅந்தோணிக்கு மனம் வரவில்லை. புதுச் சட்டை போட்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து, தேதி, நேரம், டியூப் துண்டின் நீளம் எல்லாம் சொன்னார். “மத்தவன் கட்டுனா பொருளு கீழ வியும். நான் கட்டுனா பறக்கும். அது கை ராசி.”

கிருஷ்ணவேணி அதைப் பேருந்தில் நின்றபடி மூன்று முறை பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, போனை ஏட்டின் மேசையில் வைத்தாள். ஏணிக்கு இல்லாத நம்பர் பிளேட் மரியஅந்தோணியின் வாயிலிருந்தே கிடைத்துவிட்டது. ஏழு நாளில் பொருளைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடிக்கப் போனார்கள். பூமாலை ஓட்டினார். கிருஷ்ணவேணி கண்ணால் பார்த்தே தீருவேன் என்று முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மரியஅந்தோணி கேரியர்மேல், கீழே விழாமலிருக்கப் பூமாலை சொன்னபடி இடுப்பில் நைலான் கயிற்றோடு. விக்கிரவாண்டி தாண்டியதும் வேனை அதே எழுபது வேகத்தில் ஓட்டி ஏணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கொட்டகைக்கு வரும் மாடுபோல அது தானாகவே மேலேறி, கேரியரில் வந்து படுத்தது. மரியஅந்தோணி முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கம்பிகளில் ரெண்டு கட்டினார். பூமாலை ஜன்னல் வழியே கத்தினார்: “ஆட்டிப் பாருங்க மேஸ்திரி! ஏணி மட்டும் ஆடுனா அவுத்துக் கட்டுங்க! வண்டியும் சேந்து ஆடணும், அதான் கட்டு!” ஆட்டினார். வண்டியும் சேர்ந்து ஆடியது. அந்தக் காற்றில், கயிற்று முனையைப் பல்லில் கடித்தபடி, மரியஅந்தோணிக்கு அழுகை வந்துவிட்டது. “எம்மா, தப்பு என்னுதுதாம்மா! ரெண்டு நிமிசம் சோம்பேறித்தனம்மா!”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாண்ணே?” என்றாள் கிருஷ்ணவேணி.

பூமாலை பிரேக்கை மிதித்தார். வேன் நிற்கவில்லை. கட்டு அவ்வளவு கச்சிதம். இனி ஏணி போகும் இடத்துக்குத்தான் வேனும் போகும். திண்டிவனம் திருப்பத்தில் கொஞ்சம் வேகம் குறைந்தபோது பூமாலையும் கிருஷ்ணவேணியும் இறங்கிக்கொண்டார்கள். மரியஅந்தோணியால் முடியவில்லை. இடுப்பில் கட்டிய அதே கயிற்றைத்தான் நாலு இடத்திலும் இழுத்துக் கட்டியிருந்தார். ஒன்றை அறுத்தால் எல்லாம் அவிழும். அடுத்த சுற்றில் பூமாலை ஒரு கத்தியை மேலே வீசினார். மரியஅந்தோணி அதைக் கயிற்றில் வைத்தார். முன்னால் காலைப் பூசைக்குப் போகும் குடும்பங்கள் டூவீலர்களில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வண்டியில் முன்னால் நின்ற சின்னப் பெண் திரும்பி அவருக்கு டாட்டா காட்டினாள். அவளுடைய கழுத்து எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. கத்தியைச் சாலையோரக் கருவேலம் புதருக்குள் எறிந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பெட்ரோல் தீர்ந்தது. வேன் அதைப் பொருட்படுத்தவில்லை. ‘குனிந்து செல்லவும்’ பலகைகளைக் கழற்றினார்கள், ஆனாலும் ஜனங்கள் இன்னும் ஆறு மாதம் குனிந்துகொண்டே போனார்கள். மறு வாரமே கிருஷ்ணவேணி ஸ்கூட்டரின் உறையைக் கழற்றினாள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறாள். மரியஅந்தோணி கேரியர்மேல் தார்ப்பாய் கூரை போட்டுக்கொண்டார். சரியாகக் கட்டாமல் சுமை ஏற்றிப் போகிறவர்களை மேலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டுவார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே போவார்கள்.

அவருடைய மனைவி அமல்ராணி தினமும் மதியம் நடைமேம்பாலத்தின் மேல் நின்று, தூக்குவாளியைக் கொக்கியில் மாட்டிக் கீழே இறக்குகிறாள். வேன் கடக்கும்போது அவர் எட்டி எடுத்துக்கொண்டு, காலி வாளியை மாட்டிவிடுவார். ஞாயிறென்றால் மீன் குழம்பு. இது கஷ்டமாக இல்லையா என்று பார்க்க வந்தவர்கள் யாராவது கேட்டால், அமல்ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வாள்: “இன்னா கஷ்டம்? முன்னல்லாம் சோறு ஆறி அவலாப் போனாலும் மனுசன் வீடு வந்து சேர மாட்டாரு. இப்ப ஒண்ணு பத்துன்னா ஒண்ணு பத்துக்கு டாண்ணு வந்துர்றாரு.”