பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை

ஆராய்ச்சிக்காரப் பெண் கணினித் திரையை அவர் பக்கமாகத் திருப்பியபோது கிரேன் ஓட்டுநருக்கு உள்ளூர ஒரு சிரிப்பு ஓடியது. இரண்டு வாரம், பதினான்கு ராத்திரி, யாருக்கும் தெரியாமல் சமாளித்தாயிற்று. இனி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, மணிக்கட்டில் கட்டக் கொடுத்த அந்தக் கறுப்புக் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழையபடி மேலே ஏறிவிடலாம். துறைமுகத்தில் அவருக்குப் பெயரே 'மேலே இருக்கிறவர்' என்பதுதான். கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களா, கிரேன் ஓட்டுநரைப் பற்றிப் பேசுகிறார்களா என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் குழம்புவார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் என்ன ஆகிறது என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார்கள். விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்றது அறிவிப்புப் பலகை. சேராவிட்டால் சந்தேகம், சேர்ந்தால் வம்பு. தினமும் காலையில் வேலைக்கு ஏறும் முன் ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அதை அவரே அழுத்தினார், வேறு வழியில்லை. ராத்திரி முழுக்கக் கடிகாரம் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். அது கை அசைவையும் நாடியையும் குறித்துக்கொள்ளும். அதை அவர் கட்டவில்லை. மனைவியின் கையில் கட்டிவிட்டார்.

யோசனை வந்த அன்று தன் புத்தியை எண்ணி அவருக்கே வியப்பாக இருந்தது. ஊரிலேயே நல்லாத் தூங்குகிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வேறு எங்கே போய்த் தேடுவது? அவள் பஸ்ஸில் தூங்குவாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு, நின்றபடியே கண் அசருவாள். மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கண்ணை மூடி நின்றிருந்தாள். அந்தப் படத்தையே பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியவர் அவர்தான். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "தூங்குமூஞ்சியைக் கட்டிக்கிட்டேன், கல்யாணச் செலவுல பாதி கொட்டாவிக்கே போச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

கடிகாரத்தைக் கட்டிய முதல் நாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"இது பொய் சொல்லாதுல்ல?"

"மெஷினுக்குப் பொய் தெரியாது. நீ எப்பவும் போலத் தூங்கு, அது போதும்."

அவள் சிறிது நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். பெரிய உபகாரம் செய்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சார், உங்க ரிப்போர்ட் கொஞ்சம் விசித்திரமா இருக்கு," என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். "அறுபது பேரைப் பார்த்திருக்கோம். இவ்வளவு மோசமா யாருக்கும் வரல."

அவர் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் தெரியவில்லை. திரையில் நீளமாக ஒரு கோடு. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள்.

"பதினெட்டு நிமிஷம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை முழிப்பு. நாடி முதல்ல எகிறுது. அப்புறம் கை நீளுது. எதையோ பிடிச்சு ஆட்டுற மாதிரி ரெண்டு மூணு அசைவு. அப்புறம் கை அப்படியே நிக்குது, எதுக்கோ காத்திருக்கிற மாதிரி. பத்து செகண்ட், பதினஞ்சு செகண்ட். அப்புறந்தான் நாடி இறங்குது. விடியிற வரைக்கும் இப்படியே, பதினாலு ராத்திரியும்." அவள் தயங்கினாள். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல அம்மாக்களுக்கு இப்படி வரும். வீட்டுல குழந்தை இருக்கா சார்?"

"இல்ல. பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா."

"அப்ப நோயாளி யாராவது இருக்காங்களா?"

அவர் மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை, கூப்பிடாமலே வந்து நின்றது. அவள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. எனக்குப் பயமா இருக்கு." அவர் சொன்னார்: "மூச்சு நின்னுருந்தா இப்ப யாருடி உன்கிட்ட காபி கேட்டது? தூக்கத்துல கனவு கண்டிருப்ப." அன்று மாலை அதையும் நண்பர்களிடம் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"இருக்காரு," என்றார். "ஒரு நோயாளி இருக்காரு."

"அதான் பார்த்தேன். உங்க காலைப் பொத்தானும் இதுக்குச் சரியா ஒத்துப்போகுது. நிறைய தடவை விளக்கு எரிஞ்சதே உங்களுக்குத் தெரியல." புருஷனின் பொத்தானும் பெண்டாட்டியின் கடிகாரமும் ஒத்துப்போயிருக்கின்றன. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இப்படியொரு பொருத்தம். "தூக்கம் விட்டுவிட்டு வர்றவங்க நாலு நாள்ல பழகிடுச்சுன்னு சொல்வாங்க சார். பழகாது. கெட்டுப்போறது நமக்கே தெரியாமப் போயிடும், அவ்வளவுதான். பகல்ல உட்கார்ந்த இடத்துல கண்ணு சொக்கும். பார்க்கிறவங்க சோம்பேறின்னு நினைப்பாங்க."

அவருக்கு மகள் வயதுப் பெண் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் ஒரு தாளை நகர்த்தினாள். மேலே, இரண்டு வாரமும் கடிகாரத்தைக் கட்டியிருந்தது நானே என்ற உறுதிமொழி. கீழே, இந்த முடிவைக் கம்பெனி டாக்டருக்கு அனுப்பச் சம்மதமா என்ற கேள்வி. "உங்க சம்மதம் இல்லாம இது இந்த ரூமைத் தாண்டாது. ஆனா நாப்பது மீட்டர் உயரத்துல உட்கார்றீங்க. கீழே ஆளுங்க நடக்கிறாங்க."

கீழே ஆட்கள் நடப்பது அவருக்குத் தெரியாதா என்ன. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்ததும், லாரி மேல் சரக்குப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். வாக்கி-டாக்கியில் கீழிருந்த சைகைக்காரன் கத்திய கத்தலில்தான் கண் திறந்தது. டிரைவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு மேல், ஒரு சாண் உயரத்தில், பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தான். "காத்து தள்ளிடுச்சு," என்றார் இவர். அன்றைக்குக் கப்பல் கொடி கூட அசையவில்லை. சைகைக்காரன் அந்தக் கொடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, காத்துதான்," என்றான். அதன் பிறகு அவன் முகத்தை இவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் கிரேன் கூண்டை விட்டு இறக்கிவிடுவார்கள். இருபத்தாறு வருஷம் மேலே இருந்தவருக்குத் தரையில் என்ன வேலை கொடுப்பார்கள்?

"நாளைக்குக் கொண்டு வர்றேன் மேடம்," என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. அவள் ராத்திரியில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. தலையணையில் தலை வைத்த அடுத்த நிமிஷம் அவருக்குத் தூக்கம். விடிந்து கண் விழிக்கும்போது அவள் அடுக்களையில் இருப்பாள். முப்பது வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் அவளுடைய பகல் தூக்கத்தை மட்டும்தான். பார்த்த பாதியை வைத்துக்கொண்டு மீதியையும் தெரியும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கடிகாரத்துக்குக் கை நீட்டுமுன் அவள் அப்படிப் பார்த்ததன் அர்த்தம் இப்போது புரிந்தது. வாயால் சொன்னதை நம்பாதவனுக்கு வேறு எப்படித்தான் சொல்வாள்? நடுத்தெருவில் அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்து நாற்காலியில், மடியில் பாதி உரித்த பட்டாணித் தட்டோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் தட்டைத் தட்டி ஓசை எழுப்பியிருப்பார். அவள் திடுக்கிட்டு, "கண்ணு லேசா அசந்துட்டேங்க," என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லியிருப்பாள். அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்தார். சுவரில் கண்ணை மூடிய அந்தப் படம். வீட்டுக்கு வந்த இத்தனை பேர் முன்னால் அதைக் காட்டிச் சிரித்தோமே என்று அவமானமாக இருந்தது. படத்தை ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் தரையில் சாய்த்தார். பையிலிருந்த தாளை எடுத்து மேசை மேல் விரித்தார். பேனாவையும் பக்கத்தில் வைத்தார்.

மடியிலிருந்து தட்டை மெல்ல எடுத்தபோது அவள் விழிக்கவில்லை. ஆனால் மூச்சு மாறியது. இமைகளுக்குள் கண் உருண்டது. இடது கை மெதுவாக எழுந்து, பக்கவாட்டில், நாற்காலிக்கு வெளியே நீண்டது. மணிக்கட்டில் கடிகாரப் பட்டையின் தடம் இன்னும் மறையவில்லை. வெறும் காற்றில் விரல்கள் எதையோ தேடின. கிடைக்கவில்லை. தூக்கத்திலேயே அவள் நெற்றி சுருங்கியது.

அவர் அவசரமாக நாற்காலியின் இடப்பக்கம் தரையில் உட்கார்ந்து தோளைக் கொடுத்தார். கை தோளைக் கண்டுபிடித்தது. ஒரு தரம் ஆட்டியது. இன்னொரு தரம். பிறகு அசையாமல் நின்றது. கை எதற்குக் காத்திருக்கிறது என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அழுகையை அடக்குவதற்காக அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அவள் காதில் விழும்படி, நீளமாக, சத்தமாக மூச்சை விட்டார்.

கை தளர்ந்து அவர் தோளிலேயே கிடந்தது.