அஞ்சலியை அழுத்தினால் பூச்சி

"சார், இதெல்லாம் படமில்ல, கட்சிச் சின்னம்" என்று முதல் நாளே சொன்னேன்.

பிரசாத் சார் சிரித்தார். விவசாயிகளுக்கு விவரம் சொல்லும் தொடுதிரை மிஷின் செய்ய, சென்னைக் கம்பெனி ஒன்று அரியலூரில் ஒரு மாடியறையைப் பிடித்திருந்தது. அதில் திரையை வடிவமைத்தவர் அவர். நான் எம்.சி.ஏ. கடைசி வருடப் பயிற்சிக்கு வந்தவள். மழை விவரத்துக்குச் சூரியன். பூச்சி மருந்துக்கு இரண்டு இலை. முந்திரி விலைக்கு மாம்பழம். முந்திரிப் படம் அவருக்குக் கிடைக்கவில்லையாம். பேச்சை நிறுத்த, விரித்த கை.

"உலகம் பூரா சூரியன்னா வானிலைதான் வளர்மதி. இதுக்குப் பேருதான் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்."

"ஆண்டிமடத்துல இல்ல சார்."

"நீ இன்டர்ன். பார்க்கணும், பேசக்கூடாது. மிஷினைத் தொடவும் கூடாது. நாலு பட்டனையும் ஜனங்க அழுத்தணும். அப்பத்தான் சர்டிபிகேட்."

சர்டிபிகேட் இல்லையென்றால் கல்லூரியில் பிராஜக்ட் இல்லை. பிராஜக்ட் இல்லையென்றால் எம்.சி.ஏ. இல்லை. எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி என்னுடையது. இரண்டாவதை ஒரு மாம்பழத்துக்காக இழக்க எனக்கு மனசில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டிமடத்தில் இளையபெருமாள் உரக்கடை வாசலில் மிஷினை வைத்து, பக்கத்திலிருந்து பார்க்க என்னை விட்டுப் போனார்கள். அது 2006, சட்டமன்றத் தேர்தல் நேரம். மறுநாளே சூரியன் பக்கம் ஒருவர் மாலை போட்டார். இலைக்காரர்கள் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி சூரியன் மேல் மட்டும் சாணியைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ஆண்டாயி அக்காவின் முந்திரி மரத்தில் தண்டுப்புழு. இலையை அழுத்தினால் மருந்து தெரியும். அழுத்த மாட்டேன் என்றுவிட்டாள்.

"எங்கூட்டுக்காரரு சூரியனுக்குச் சுவரு எழுதுறாரு. நான் இங்க வந்து இலைய அமுக்குனேன்னு தெரிஞ்சா வூட்டுல சோறு வேகுமா?"

பக்கத்தில் நின்ற இலைக்காரர் மழை கேட்க வந்தவர். "அப்ப எனக்கு மழைய நீ அமுக்கு, உனக்குப் பூச்சிய நான் அமுக்குறேன்" என்றார். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மிஷின் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது பெரும்பாடு. அந்தத் தெருவில் கைக்காரர் ஒருவர்தான். அவரை டீக்கடையிலிருந்து கூப்பிட வேண்டும். ஒருநாள் அவர் ஜெயங்கொண்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மிஷின் சாயங்காலம் வரை முந்திரி விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே தேர்தல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யாரும்மா இது, நாலு கட்சிக்கும் சேர்த்துப் பிரச்சாரம் பண்றது?"

"மிஷினுங்க."

"மூடு."

சிலையை மூடுகிற மாதிரி அதையும் மூடச் சொன்னார். கடையில் கிடந்த பழைய பேப்பர் ஒன்றை எடுத்துத் திரையில் ஒட்டினேன். போயிற்று என் டிகிரி என்று பசையை வழித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது விரல் அழுத்தத்துக்கு வேலை செய்யும் திரை. ஆண்டாயி அக்கா பேப்பரில் கண்ணீர் அஞ்சலியில் இருந்த மீசைக்காரர் போட்டோவைக் குத்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "முந்திரியில் தண்டுப்புழு..."

"ஏ பாப்பா! செத்தவரு பேசுறாரு!"

அவ்வளவுதான். ஊரே வந்து குத்தியது. ஜவுளிக்கடை விளம்பரத்துப் பெண்ணைத் தொட்டால் மழை. ராசிபலனைத் தொட்டால் விலை. பம்புசெட்டைத் தொட்டால் பேச்சு நிற்கும். எல்லோருக்கும் மனப்பாடம். "மீசைக்காரரக் கேட்டியா, என்ன மருந்தாம்?" என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். நாலு பட்டனிலும் அழுத்தின கணக்கு ஏறியது. அரியலூர் ஆபீஸில் பிரசாத் சார் கேக் வெட்டினாராம்.

ஓட்டுப்பதிவு முடிந்ததும் கம்பெனி முதலாளியைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். வந்த வேகத்தில் பேப்பரைக் கிழித்துச் சுக்குநூறாக்கிச் சாக்கடையில் போட்டார்.

"என் ஐகானோட வெற்றி சார் இது. வளர்மதி, நீயே சொல்லு." பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினார். கையெழுத்து மட்டும் பாக்கி.

ஆண்டாயி அக்கா வெறும் திரையைப் பார்த்தபடி நின்றாள். "மீசைக்காரரு எங்க? பூச்சிக்கு இப்ப யாரக் கேக்குறது?"

"இதோ, இலை இருக்கேம்மா."

"நீயே அமுக்கிக்க."

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. "சார், ஓடுனது உங்க படம் இல்ல. நான் ஒட்டுன பேப்பரு. ஜனங்க உங்க திரையப் பாக்காம இருந்தப்பதான் மிஷினே ஓடுச்சு."

பிரசாத் சார் சர்டிபிகேட்டை மறுபடி பைக்குள் வைத்தார்.

முதலாளி சாக்கடையை எட்டிப் பார்த்தார். "அதே பேப்பர் வேணும்யா. எந்தத் தேதிப் பேப்பரும்மா?"

இளையபெருமாள் கையை விரித்தார். ஆண்டாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார் கையெழுத்துப் போட்டாத்தான் தேதி வரும்" என்றேன்.

"இது பிளாக்மெயில்!"

"இல்ல சார், யூசர் எக்ஸ்பீரியன்ஸ்."

"போட்டுத் தொலையும்யா" என்றார் முதலாளி.

வைத்து எழுத இடமில்லை. பிரசாத் சார் சர்டிபிகேட்டைத் திரைமேலேயே வைத்துப் பேனாவை அழுத்தினார். முதல் எழுத்துக்கு மிஷின் மழை சொன்னது. அடுத்த எழுத்துக்குத் தண்டுப்புழு. கடைசியில் கோபத்தோடு அவர் இழுத்த கோட்டுக்கு மழை, புழு, விலை மூன்றையும் அரைகுறையாகச் சொல்லிவிட்டுத் திணறியது.

"மெதுவாப் போடுங்க சார், இன்னும் மருந்து பேரு சொல்லல" என்றாள் ஆண்டாயி அக்கா.