அம்மாசி படுத்திருந்த இடம்

எட்டாவது தகரம் தண்ணீரையும் வெளியே கொட்டிவிட்டுச் சாலம்மாள் படகின் நடுப்பள்ளத்தைப் பார்த்தாள். அடிப்பலகை தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி முழுகிவிடும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

அவள் புருஷன் அம்மாசி காய்ச்சலில் படுத்த மறுநாள் தொடங்கிய ஒழுக்கு இது. இன்றோடு பதினோரு நாள். அடிப்பலகையைத் துணியால் துடைத்துக் காயவைத்து, மூட்டு மூட்டாக அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்துவிட்டாள். ஒழுகும் இடத்தில் சாம்பல் கறுக்க வேண்டும். எங்கும் கறுக்கவில்லை. தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஆனால் முதல் நாட்களில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு தகரம் இறைத்தாள், இப்போது எட்டுதான். தானாகவே அடைபட்டு வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. அதன் ஒரு வளைவில் ஐந்து பாய்ப்படகுகள் கல் நங்கூரம் போட்டு நின்றன. ஐந்தும் ஐந்து குடும்பங்கள். ஒரு கரையின் கடலைக்காய் மூட்டையையும் விறகையும் மறுகரைக்குக் கொண்டுபோவது தொழில். சோறு, தூக்கம் எல்லாம் படகிலேயே. ஒரு படகில் அடுப்பு அணைந்தால் பக்கத்துப் படகுக்காரர்கள் துடுப்பின் அகல நுனியில் நெருப்புத் துண்டை வைத்து நீட்டுவார்கள்.

"ஏம்புள்ள, இன்னும் எறைக்கறயா?"

முன்பக்கத்து மூங்கில் பரணிலிருந்து அம்மாசி கேட்டான். அங்கே வலப்புறத்தைப் பாய்மரமும் சுருட்டிய பாயும் அடைத்திருந்தன. மிச்சம் இருந்த இடப்புறத்தில், படகின் விளிம்புப் பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

"எறைச்சுப்போட்டேனுங்க. கஞ்சி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம். முதுகு சில்லுன்னு சொகமா இருக்குது. அப்படியே கெடக்கறேன்."

அவள் போய் முதுகில் கை வைத்தாள். ஈரம். காய்ச்சல் வேர்வை என்று முந்தானையால் துடைத்தாள். பதினோரு நாளில் தோள் எலும்பு இரண்டும் மேலே வந்துவிட்டன. புரட்டினால் முனகுகிறான் என்று அவனை அங்கிருந்து நகர்த்தவே இல்லை.

உச்சிப் பொழுதில் கஞ்சியோடு திரும்பியபோது அவன் கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. சாலம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகுதான் பக்கத்துப் படகைப் பார்த்து, "அத்தாயக்கா" என்றாள். அத்தாயி பார்த்தவுடனே மார்பில் அடித்துக்கொண்டாள்.

அத்தாயியின் படகு அகலமானது. அதில் கிடத்தி ஆண்கள் அவனைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். தம்பிக்குச் சீக்கு என்று கேட்டு மல்லசமுத்திரத்திலிருந்து வந்து, தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே தங்கியிருந்த அண்ணன் பச்சமுத்து மண் போட்டார். குளித்துவிட்டு வந்த சாலம்மாளின் கையில் அத்தாயி ஓர் அகல்விளக்கைக் கொடுத்தாள்.

"அவன் தல வெச்ச எடத்துல வெய்யி. கருமாதி வரைக்கும் அங்க யாரும் உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது."

மறுநாள் காலையில் சாலம்மாள் பழக்கத்தில் தகரத்தை எடுத்துக்கொண்டு நடுப்பள்ளத்துக்குப் போனாள். நேற்றுச் சாயங்காலம் இறைத்த பிறகு ஒரு சொட்டும் ஏறாமல் பள்ளம் காய்ந்து கிடந்தது.

அத்தாயியின் படகு வந்து ஒட்டியது. பச்சமுத்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உடுங்க அண்ணா, பலகைக்கு மூச்சு முட்டுது" என்றாள் அத்தாயி.

அவர் சிரிக்கவில்லை. "அம்மிணி, மூட்டையக் கட்டு. பொழுதோட பஸ்ஸு இருக்குது. நம்மூட்டுல நாலு பேரோட நீயும் இருந்துக்கலாம்."

"படகு இருக்குதுங்களே மாமா."

"ஒழுகற படகு. ஒடச்சாப் பலகையாவது மிஞ்சும். அவன் இருந்தான், எறைக்க நீ இருந்த. இனி பாயப் புடிப்பியா, தண்ணி எறைப்பியா? ஒத்தப் பொம்பள முழுகிப் போனா எந் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அதில் பொய் இல்லை. நான்கு வருடமாகச் சுக்கான் பிடித்தவள் அவள்தான், பாயும் கட்டுவாள். ஆனால் ஒழுகும் படகில் எவன் மூட்டை ஏற்றுவான்?

"இன்னைக்கி ஒழுகலீங்க."

"நாளைக்கி ஒழுகாதுன்னு சொல்லு, உட்டுட்டுப் போறேன்."

காரணம் தெரியாமல் நின்ற ஒழுக்கு, காரணம் தெரியாமல் திரும்ப வரும்.

படகின் மூக்கு நேற்றைவிட உயரமாக நிற்பதைச் சாலம்மாள் அப்போதுதான் கவனித்தாள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். முன்பக்கத்து மேல் மூட்டு தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. அடி மூட்டுகள் எப்போதும் ஊறிக் கிடப்பவை. பலகை உப்பி ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். மேல் மூட்டு வருடக்கணக்கில் வெயிலிலேயே இருப்பது. பலகை சுருங்கும், நடுவில் அடைத்த பஞ்சு காய்ந்து உதிரும். தண்ணீர் அந்த உயரத்தை எட்டாதவரை அது யாருக்கும் தெரியாது. மூட்டைகளை எப்போதும் பின்பக்கமே அடுக்குவதால் மூக்கு தாழ்ந்ததே இல்லை. எட்ட வேண்டுமானால் முன்பக்கத்தில், இடப்புறமாக, ஓர் ஆளின் பாரம் அசையாமல் கிடக்க வேண்டும்.

பன்னிரண்டு தகரம். அவன் இளைக்க இளைக்க எட்டு.

அவள் பரணுக்குப் போய் விளக்கை எடுத்துப் பாய்மரத்தடியில் வைத்தாள்.

"ஐயோ சாலா, அதை எதுக்கு எடுக்கற?" என்றாள் அத்தாயி.

சாலம்மாள் அம்மாசி படுத்திருந்த இடத்தில் படுத்தாள். அவன் படுத்த மாதிரியே முதுகைப் பலகையோடு ஒட்டிக்கொண்டாள். படகு மெதுவாக இடப்புறம் சாய்ந்து மூக்கைத் தாழ்த்தியது.

"புத்தி கலங்கிப்போச்சா இவளுக்கு?" என்றார் பச்சமுத்து.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தோள்பட்டைக்குக் கீழே சில்லென்று ஒரு கோடு இறங்கியது. முதுகின் துணி நனைந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் மூங்கிலின் ஊடே நடுப்பள்ளத்துக்குப் போனது.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையைப் பின்னால் விட்டு விரலால் தடவி இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"மாமா, அடுப்புக்குப் பக்கத்துல குங்கிலியச் சட்டி இருக்குது. பஞ்சும் உளியும் அதுலயே இருக்குது. எடுத்தாங்க."

பச்சமுத்து அவளைப் பார்த்தார். அவளுடைய நனைந்த முதுகைப் பார்த்தார். விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதையும் எடுத்துவிட்டு, தடுமாறிக்கொண்டே இந்தப் படகுக்குத் தாண்டினார். சட்டியை அடுப்பில் வைத்துக் குங்கிலியப் பிசினை உருக்கியவரும் அவர்தான்.

அவள் எழுந்து பின்பக்கம் வந்ததும் மூக்கு உயர்ந்து மூட்டு தண்ணீருக்கு மேலே வந்தது. துடைத்துக் காயவைத்தார்கள். அத்தாயியின் படகில் நின்றுகொண்டு சாலம்மாள் வெளிப்புறமிருந்து வேலை செய்தாள். மேல் பலகைக்கும் அதற்கு அடுத்த பலகைக்கும் நடுவே, ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சே இல்லை. குங்கிலியத்தில் தோய்த்த பஞ்சை அங்கே வைத்து உளியால் தட்டி இறக்கினாள். மேலே இன்னொரு பூச்சுப் பூசினாள். அது இறுகும் வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

பிறகு மறுபடியும் போய் அதே இடத்தில் படுத்தாள். படகு சாய்ந்தது. மூட்டு தண்ணீருக்குள் போனது.

"என்ன அம்மிணி?" என்று கேட்டார் பச்சமுத்து.

முதுகு நனையவில்லை.