நாலாவது ஸ்க்ரூ

மூன்று ஸ்க்ரூக்கள் கழன்று சிரட்டையில் கிடந்தன. நாலாவது மட்டும், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினின் பல்சக்கர மூடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஷைஜா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் ஷீட் பாதி போய்க்கொண்டிருக்கும்போதே கைப்பிடி நின்றுவிட்டது. காய்ந்த ரப்பர் ஏதோ சக்கரப் பல்லுக்குள் புகுந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து பிடுங்கிப் போட்டால் ஓடும். ஆனால் அவள் கணவனின் அண்ணன் ஆன்ட்ரூஸ், கையில் அகப்பட்ட சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில், தலையிலிருந்த நட்சத்திரப் பள்ளத்தின் ஓரம் மழுங்கிப்போனது.

இப்போது அவர் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

"மாறு மக்கா. உளிய வச்சி ரெண்டு போடு போட்டா தல தெறிச்சிரும்."

"தலயோட மூடியும் தெறிச்சிரும் அண்ணே. வார்ப்பு இரும்பாக்கும்."

"தெறிச்சா தெறிக்கட்டு. இந்தச் சவத்த இன்னும் எத்தன நாளு கட்டி அழப்போற?"

வாய் தவறி வந்த பேச்சில்லை அது. கணவன் பிரபின் கத்தாருக்குப் போனதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது, ஆசிட் கலந்து உறைய வைப்பது, ஷீட் அடிப்பது எல்லாம் ஷைஜாதான். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று ஆன்ட்ரூஸ் தம்பியின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். நேற்று ராத்திரி போனில் பிரபினும் இளகிவிட்டான். "நாளைக்கும் மெஷின் ஓடலேன்னா பாட்டத்துக்குக் குடுத்திருவோம் ஷைஜா. நீ கெடந்து கஷ்டப்பட வேண்டாம்." அவள் போனை வைத்துவிட்டு, அந்த ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி மண்ணெண்ணெய் சொட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். நேற்று ஊற்றிய பால் உறைந்து, தட்டுகளில் வெள்ளைவெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் அடிக்காவிட்டால் இறுகிவிடும்.

போன் துடித்தது. பிரபினுக்கு ஏதோ கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஏசி வேலை. இரண்டு கையும் வேலையில் இருக்கும். வாயால் சொல்வான், போன் அதை எழுத்தாக்கி அனுப்பும். புள்ளியும் கிடையாது, கமாவும் கிடையாது.

'ஷைஜா அண்ணன அடிக்க விடாத அந்த மூடி இப்ப கடையில கிடைக்காது முதல்ல பள்ளத்த சுத்தமா தோண்டு பெரிய டிரைவர வை மேல பைய தட்டு உடனே திருப்பாத கை பத்திரம் கேட்டியா முடியலேன்னா விட்டிரு யாரையாவது கூப்பிடு வேண்டாம் நீயே பாரு'

ஆன்ட்ரூஸ் எட்டிப் பார்த்து வாசித்தார். "இவன் செய்யச் சொல்லுதானா, வேண்டாங்கானா?"

"ரெண்டுந்தான். அவருக்கு வெப்ராளம், மனசு கெடந்து அடிக்கி."

சேஃப்டி பின்னைக் கழற்றிப் பள்ளத்தைக் குடைந்தாள். துருவோடு காய்ந்த பாலும் துணுக்குத் துணுக்காக வந்தது. பெரிய டிரைவரை நட்டமாக நிறுத்தி, பிள்ளை தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினாள். ஓங்கி அடித்தால் மூடி விரிசல் விடும். பிறகு வலப்பக்கமாக இம்மியளவு அழுத்தினாள்.

"மக்கா, அது முறுக்குத பக்கம்."

"தெரியும் அண்ணே. அங்க கொஞ்சம் போனாத்தான் பிடி விடும்."

இடப்பக்கம் திருப்பினாள். டிரைவர் வழுக்கியது. இன்னொரு தடவை வழுக்கினால் பள்ளமே இருக்காது, உளிதான். ஆன்ட்ரூஸ் தொண்டையைக் கனைத்தார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் யோசித்தாள். இரும்பில் இரும்பு நிற்கவில்லை. நடுவில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

மூலையில் கூடை இருந்தது. காலையில் பால் வெட்டும்முன், முந்தின வெட்டின்மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்துப் போட்டுக்கொண்டு வருவாள். அதில் மெல்லிசாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். எண்ணெய்ப் பசை இருந்தால் ரப்பர் நிற்காது. ஸ்க்ரூ தலையை முந்தானையால் திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஒட்டுப்பாலை அதன்மேல் பரத்தி, டிரைவரை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினாள்.

"அடைச்சதும் ரப்பரு. தொறக்கவும் ரப்பரா?" என்றார் ஆன்ட்ரூஸ்.

"நம்மகிட்ட வேற என்ன இருக்கு அண்ணே."

மெதுவாகத் திருப்பினாள். விரல் சொடுக்குகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். டிரைவர் வழுக்கவில்லை. ஸ்க்ரூ கூடவே திரும்பியது. ஆன்ட்ரூஸ் உளியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

மூடியைக் கழற்றியதும் சக்கரப் பல்லுக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் உருண்டை வந்தது. நான்கு ஸ்க்ரூவுக்கும் கிரீஸ் தடவி, மழுங்கினதைக் கடைசியாக மாட்டினாள்.

"நல்லா முறுக்கிவிடு மக்கா. கழண்டு விழுந்திரப்போவுது."

"விழாது. போதும். அடுத்த தடவையும் நாந்தான தொறக்கணும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். உருளைகளுக்கு நடுவிலிருந்து ஷீட் தண்ணீரைப் பிழிந்துகொண்டு வெள்ளையாக இறங்கியது. ஜன்னல்படியில் போன் திரும்பத் திரும்ப ஒளிர்ந்தது. பிரபினின் புள்ளியில்லாத வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டன. அவளுடைய இரண்டு கையும் ஷீட்டின் ஓரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தன.