ஆளில்லாம ஸ்டார்ட் ஆன வண்டி

எனக்குக் கோவம் வந்தா கை நீளும்னு கொடைரோடு டாக்சி ஸ்டாண்டுல எல்லாத்துக்கும் தெரியும். அன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல மட்டும் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எதுத்தாப்புல இருந்தவன் என் பொண்டாட்டி ரோஸ்மேரியோட கூடப்பிறந்த தம்பி பிரிட்டோ. வேற எவனாவது இருந்திருந்தா கதையே வேற.

நான் பாஸ்கல். ரயில்ல வந்து எறங்குறவுகள மலைக்கு ஏத்திட்டுப் போற டாக்சிக்காரன். இப்ப வர்ற சவாரியெல்லாம் கதவத் தொறந்த ஒடனே உள்ள குளுகுளுன்னு இருக்கணும்ங்குறாக. இல்லன்னா அடுத்த வண்டிக்குப் போயிருவாக. நம்ம பிளாட்பாரத்துல நின்னு ஆள் பிடிக்கணும், வெளிய வண்டியில ஏசியும் ஓடணும். ஒருத்தன் ரெண்டு எடத்துல எப்படி நிக்கிறது?

பிரிட்டோ திண்டுக்கல்ல கார் சாமான் கடை வச்சிருக்கான். "ஒரு டப்பா இருக்கு மச்சான். சாவி உங்க பையில இருக்கும், ரிமோட்டுல பட்டனை அமுக்குனா இஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகி ஓடிக்கிட்டே நிக்கும்"னான்.

"சட்டப்படி மாட்டலாமாடா?"

"ஊரே மாட்டியிருக்கு, நீங்க ஒருத்தர்தான் சட்டம் பேசுறீக."

எனக்கு இன்னொரு பயமும் இருந்துச்சு. மலை ஓட்டுறவன் வண்டிய நிப்பாட்டுனா மொத கியர்ல போட்டுட்டுத்தான் எறங்குவான். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புனவன் வண்டியெல்லாம் பள்ளத்துல கெடந்ததப் பாத்திருக்கோம்ல. சமதரையில நிப்பாட்டுனாலும் கை அதுபாட்டுக்குக் கியரைப் போட்டுரும். "ஏ மாப்ள, கியர்ல கெடக்கும்போது அமுக்கிட்டேன்னா?"ன்னு கேட்டேன். "ஸ்டார்ட்டே ஆகாது. அதுக்குன்னு தனி வயர் இருக்கு, மாட்டிட்டேன்"னு சொன்னான். எங்க வீட்டு வாசல்லதான் மாட்டுனான். ரோஸ்மேரி குனிஞ்சு நின்னு செல்போன் லைட் அடிச்சா.

கியரை எடுத்து நியூட்ரல்ல விட்டுட்டு எறங்கப் பழகி, கொஞ்ச நாள் ராசா மாதிரி இருந்தேன். அப்புறம் ஒருநாள் மத்தியானம், சென்னை ரயில் வந்து நிக்குது, நான் பிளாட்பாரத்துல இருந்து பட்டனை அமுக்குறேன், வெளிய ஒரே அலறல். ஓடிப்போய்ப் பாத்தா, வண்டி ஒரு தாவு தாவி, முன்னால கொய்யாப்பழம் வித்துக்கிட்டிருந்த மாயம்மாள் கால் மேல ஏறி, சுவத்துல முட்டி நிக்குது. உள்ள ஒரு ஆளும் இல்ல. பழைய பழக்கத்துல கை போட்ட மொத கியர்லயே வண்டி கெடந்துச்சு.

"நான் ஒன்னய என்னப்பு செஞ்சேன்?"னு அந்தம்மா கேட்டுச்சு. அந்தக் கேள்வி இன்னும் என்னைய விடல.

தகவல் தெரிஞ்சு பிரிட்டோ பறந்து வந்தான். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க மச்சான், வண்டிய நான் பாத்துக்கிறேன்"னான். தெய்வமே, நம்மளுக்குன்னு ஒரு ஆள் இருக்கான்னு சாவியக் குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா டப்பாவும் இல்ல, சாவிக்கொத்துல கெடந்த ரிமோட்டும் இல்ல. வெட்டுன வயரு மட்டும் தொங்குது. "போலீஸ் பாத்தா உங்களுக்குத்தான் எடஞ்சல்"னான். அதையும் நம்புனேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு, "கம்பெனி வயரிங்கை வெட்டி எதையோ மாட்டியிருக்க. இதுக்கு அனுமதியும் கெடையாது, இன்சூரன்ஸ்காரனும் கைய விரிச்சிருவான். கியர் வண்டியில இதை மாட்டலாமாய்யா?"ன்னு கேட்டாரு. ஸ்டேஷன்ல எஸ்.ஐ. தெளிவாச் சொல்லிட்டாரு: மாட்டுனவன் ஒத்துக்கிட்டா பொறுப்பு அவனுக்கும் போகும். இல்லன்னா நானே நோண்டுனதா கேஸ், லைசென்ஸும் போயிரும். ஸ்டியரிங் பிடிக்கிறதத் தவிர எனக்கு வேற ஒன்னும் தெரியாது.

பிரிட்டோ என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னான்: "நான் எதுவும் மாட்டல சார்."

போடா மயிருன்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டு, "எம் பொண்டாட்டியக் கூப்பிட்டுக் கேளுங்க சார், அவதான் லைட் அடிச்சா"ன்னேன். ரோஸ்மேரிய வரச் சொன்னாக. அவ முந்தானையப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே நின்னா.

"நான் அடுப்படியில இருந்தேன் சார். ஒன்னும் பாக்கல."

எஸ்.ஐ. என்னையப் பாத்தாரு. நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன்.

வெளிய வந்ததும் ரோஸ்மேரி அழ ஆரம்பிச்சா. "அவன் கடை போச்சுன்னா எங்கம்மா தெருவுலதான் நிக்கணும். அந்தக் கியர் வயரு கடையில தீந்துபோச்சு, அடுத்த வாரம் மாட்டுறேன்னு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னான். ஒங்ககிட்டச் சொன்னா அவனை அடிக்கப் போவீக. அதான் சொல்லல."

தெனமும் நான் வண்டி எடுக்கும்போது நெத்தியில சிலுவை போட்டு வழியனுப்புறவ அவ. அந்த வயரு இல்லைன்னு தெரிஞ்சேதான் இத்தனை நாளும் போட்டிருக்கா.