யார் பார்ப்பார்கள்

திண்டுக்கல்லில் நகர்ப்புறச் சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸாக இருந்த நஸீரா, யாசினின் சளிப் பரிசோதனை முடிவைப் படமெடுத்து, அவனுக்குச் சிகிச்சை தரும் சின்னாளப்பட்டி டாக்டருக்கு அனுப்புவதாக நினைத்துத் தன் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பாஸிலாவின் நிக்காஹ் புடவைப் படங்களுக்கு நடுவே 'காசநோய் உறுதி' என்று அது கிடந்தது. பாஸிலா அவளுடைய சித்தி மகள். யாசின்தான் மாப்பிள்ளை.

அழிப்பதற்குள் பாஸிலாவின் அத்தா, சித்தப்பா அப்துல் ஹக்கீம் பார்த்துவிட்டார்.

இப்படி எதுவும் நடந்துவிடக் கூடாதென்றுதான் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவாக, பாதுகாப்பான ஒரு செயலியைத் துறை கொடுத்திருந்தது. அதில் அனுப்பினால் சிகிச்சை தரும் டாக்டருக்கு மட்டுமே திறக்கும். கணினி பார்க்கும் உடையப்பனும் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா, செத்த நேரம் உக்காருங்க. போன்ல ஏத்தித் தாரேன்."

"ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்கும்ல? அதுக்குள்ள நாலு ஊசி போட்டுருவேன், போப்பா."

சாயங்காலம் பேகம்பூரிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தப்பா முகம் கொடுக்காமல் எழுந்து தொழுகைக்குக் கிளம்பினார். பாஸிலாதான் மாடிக்குக் கூட்டிப் போனாள்.

"மருந்து ஒழுங்கா சாப்பிட்டாச் சரியாயிரும்டி. நான் சித்தப்பாகிட்ட எடுத்துச் சொல்றேன்."

"நீ சொல்லிக் கிழிச்சது போதும்க்கா." பாஸிலா கொடியில் கிடந்த துணிகளை உருவிக்கொண்டே பேசினாள். "டாக்டரு சந்தேகப்படுறாருன்னு எங்கிட்ட அவுக முதல்லயே சொல்லிட்டாக. முடிவு வந்ததும் அத்தா முன்னாடி உக்காந்து அவுகளே சொல்றதா இருந்தாக. இப்ப மறைச்சு வச்ச ஆளு மாதிரி ஆக்கிட்டியே."

சித்தப்பா வரும்வரை நிற்காமல் நஸீரா படியிறங்கினாள்.

மறுநாள் காலையில் உடையப்பனைத் தானே தேடிப் போய்ச் செயலியை ஏற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் யாசின் மாத்திரை வாங்க வந்தான்.

"மன்னிச்சிருங்க, யாசின்."

"மாமாவைப் பாத்துட்டுத்தான் வாரேன். மருந்து முடியட்டும், நிக்காஹைப் பத்தி அப்புறம் யோசிப்போம்னுட்டாரு."

அவள் செல்போனை அவன் பக்கம் திருப்பினாள். "சின்னாளப்பட்டிக்கு இனி இதுலதான் அனுப்புவேன். அந்த டாக்டரைத் தவிர யாரும் பாக்க முடியாது."

"சளி குடுத்த அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க, மதினி."

கோபமில்லாமல் சொன்னான். பெண்ணுக்கு அக்கா என்ற முறை வைத்து இன்னமும் மதினி என்று கூப்பிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தாள்ல எழுதிக் குடுங்க. டாக்டர்கிட்ட நானே கொண்டு போய்க் குடுத்துக்கிறேன்."

செயலி ஓடிபி கேட்டுக் காத்திருந்தது. அதை அணைத்துவிட்டு, மருந்து விவரத்தைத் தாளில் எழுதினாள். உறையில் போட்டு, அவன் பார்க்கவே பசை தடவி ஒட்டினாள். வாங்கிக்கொண்டவன் ஒட்டிய இடத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். நஸீரா தலை நிமிரவில்லை.