நீளம் போதாத வண்டி

இராமையா வந்து நின்றபோது இசபெல் புது வண்டியின் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனிநீரை மெல்லிய துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணியாகியும் மலை முகம் காட்டவில்லை. தேயிலைச் சரிவுகளின் மீது முகில் தாழக் கவிந்து, எதிர்ப்பக்கத்துத் தொழிலாளர் லயங்களின் கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அவர் செருப்பை வெகு தொலைவிலேயே கழற்றிவிட்டு, வாசலுக்குள் கால் வைக்காமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சாவின் தீட்டோடு வருகிறவர்கள் மட்டுமே அப்படி நிற்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நிலையைப் பார்த்துப் பழகியவள் அவள். ஆகவே அவர் வாய் திறக்குமுன்பே அவளுடைய கைத்துணி கண்ணாடியில் அசையாமல் நின்றது.

“என்னாண்ணே?”

“ஒன் மதினி போயிட்டாம்மா. விடியக்காலம் நாலு மணிக்கு.”

இசபெல் நெற்றியில் சிலுவையிட்டாள். பிறகு இரு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். மூச்சிரைப்பென்று மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன அவர் மனைவி லெட்சுமி, போகும் வழியில் பேருந்தின் சன்னலோரம் இருந்து கையசைத்துவிட்டுப் போனவள். இராமையா அழவில்லை. சட்டைப் பையில் பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பன்னெண்டு மணிக்கு மேல குடுத்துருவாங்களாம். மலர்ச்சாலைப் பொண வண்டி பாலம் வரைக்குந்தான் வருமாம், அதுக்கு மேல அடி இடிக்குமாம். அதான், மச்சான்கிட்ட சொல்லி பாலத்துலேருந்து…”

“வண்டி பத்தாதேண்ணே” என்றாள் இசபெல். “பின்தட்டு அஞ்சடிதான். பொட்டி கொள்ளாது.”

அந்த வாக்கியம் அவளைக் கேளாமலே வெளியே வந்துவிட்டது.

அது இன்றைக்குப் பிறந்த சொல்லன்று. பல மாதங்களாக அவள் உள்ளே வைத்து உருட்டித் திரட்டி, எவரேனும் வந்து கேட்கும் நாளுக்கென்று ஆயத்தமாக்கி வைத்திருந்தது. எவர் வருவார் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருந்தாலும் இராமையாவின் முகம் அதில் தோன்றியிராது.

பழைய வண்டிக்கு முன்னால் இரண்டே இருக்கை. பின்னால் எட்டடி நீளத்தில் திறந்த தட்டு. மரக்கறி மூட்டையை ஹட்டன் சந்தைக்கும், யாத்திரைப் பருவத்தில் கடைச்சாமானை மலையடிவாரத்து நல்லதண்ணிக்கும் ஏற்றுவதற்கென்றே அவள் கணவன் றோலண்ட் அதை வாங்கினான். ஆனால் பாலத்துக்கு அப்பால் மேல் டிவிசனுக்கு ஏறுகிற இரண்டரை மைல் கல்லுப் பாதையில் வேறெந்த வண்டியும் ஏறத் துணியாததால், ஆஸ்பத்திரியில் கண்மூடியவர்கள் அனைவரும் வீடு திரும்பும் வாகனமாக அது ஆகிப்போனது. றோலண்ட் அதற்காக ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. செத்தவர்களைச் சுமப்பது ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம் என்பது அவன் கொள்கை. அவன் சுமந்தான், கழுவியவள் இசபெல். தட்டின் இரும்பு வரிப்பள்ளங்களில் சிக்கிய பொரியையும் சாமந்தி இதழையும் ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுத்து, மலையூற்றுப் பீலியிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் கொணர்ந்து, மஞ்சள் கரைத்து ஊற்றி, மறுநாட்காலை அதே தட்டில் சந்தைக்குப் போகும் கோவா மூட்டை ஏறுவதற்குமுன் அந்த மணத்தைப் போக்கியாக வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்த நாளில் அவள் கழுவிக் கழுவி, இருட்டிய பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டை யார் கழுவுகிறார் என்று தோட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒருத்தி கேட்டாள். இசபெல் ஜெனிதாவை வயிற்றில் சுமந்திருந்த மாதத்தில், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த லெட்சுமி, அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி, “வகுத்துப் புள்ளைய வச்சிக்கிட்டு இதச் செய்யலாமாடி? போ அங்கிட்டு. ஒங்க மாதாவே வந்து சொன்னாலும் செய்யக்கூடாது” என்று வைது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். குழந்தை பிறந்து முப்பது நாள் தாண்டும்வரை வந்த நான்கு சாவுக்கும் அவள்தான் கழுவினாள்.

ஆண்டுகள் போகப்போக வண்டிக்குப் ‘பொட்டி வண்டி’ என்றே பெயர் நிலைத்தது. ஹட்டனில் ஒரு கலியாண வீட்டார் சாமான் ஏற்றப் பேசிவிட்டு, வண்டியைக் கண்டதும் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முன்பள்ளியில் ஆசிரியையாய்ச் சேர்ந்த ஜெனிதா, மழையிலும் நனைந்து நடந்து போனாளேயன்றித் தகப்பனின் பக்கத்தில் ஏறி அமர மறுத்தாள். “பிள்ளைங்க என்னையப் பாத்து மூக்கப் பொத்துதுங்கம்மா” என்றாள் ஒருநாள். அன்றிலிருந்துதான் இசபெல் வண்டியை மாற்றச் சொல்லி வற்புறுத்தினாள். மாற்றுவதானால் முன்னும் பின்னும் இருக்கை உள்ள டபல் கெப்தான் வேண்டும் என்றாள். அதன் பின்தட்டு குட்டை என்பதை அவள் முன்னரே அறிவாள்.

வண்டி வந்த அன்று றோலண்ட் பின்கதவைக் கீழே சாய்த்து, தட்டைச் சாணால் அளந்து பார்த்தான்.

“கதவ எறக்கி விட்டுட்டா தாராளமாக் கொள்ளும் இசபெலு.”

“அது ஒங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். வெளிய வாயத் தொறந்துறாதீங்க.”

அவன் கதவை மேலே தூக்கிச் சாத்தினான். அன்று மாலை ஜெனிதா முதன்முதலாக முன்னிருக்கையில் அமர்ந்து மாதா கோயிலுக்கு வந்தாள். குருவானவர் வண்டியின்மேல் தீர்த்தம் தெளித்தபோது இசபெல் இறைஞ்சியது ஒன்றே: இந்தத் தட்டில் ஒரு பிணமும் ஏறாதிருக்கட்டும்.

இப்போது இராமையா வண்டியின் பின்புறத்தை ஒருமுறை பார்த்தார். அருகில் வரவில்லை, அளக்கவுமில்லை.

“ஆமாம்மா, குட்டையாத்தான் இருக்கு” என்றார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, அவரே அவளைத் தேற்றத் தொடங்கினார். “நீ எதுக்கு மூஞ்சிய இப்புடி வச்சிக்கிற? வண்டியச் செஞ்சவன் அப்புடிச் செஞ்சி விட்டா நீ என்னா பண்ணுவ? பயலுக பத்துப் பேரு இருக்கானுக, தூக்கிருவானுக. அவ என்ன கனமா? மூணு நாளாத் தண்ணிகூட எறங்கல.”

அப்பொழுதாவது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கைத்துணியை மடித்துப் பிழிந்தாள்.

“ஒண்ணு மட்டும் செய்யச் சொல்லும்மா. மழ வர்ற மாதிரி இருக்கு. கோயில் சாவடியில மரண சங்கத்துத் தகரமும் நாக்காலியும் கெடக்கு. மச்சான் அத மட்டும் கொண்டாந்து குடுத்துட்டாப் பந்தல் போட்டுருவோம்.”

“கட்டாயம்ண்ணே. நானே கூட வந்து எறக்கிக் குடுக்குறேன்” என்றாள் இசபெல், அளவுக்கு மீறிய விரைவோடு.

பக்கத்துக் கடைவீதிக்கு நடந்து போயிருந்த றோலண்ட் பத்து மணிக்குத் திரும்பினான். செய்தியைக் கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தான். பிறகு சொன்னான்: “சாவிய எடு. நான் ஆஸ்பத்திரிக்கே போறேன்.”

“கொள்ளாதுன்னு சொல்லிட்டேங்க.”

“யாருகிட்ட?”

“இராமையாண்ணன்கிட்டதான்.”

றோலண்ட் அவளை ஏறிட்டுப் பார்த்தான். சினமில்லாத அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

“லெட்சுமிக்கே இல்லன்னுட்டியா?” என்றான்.

“வாய்ல வந்துருச்சுங்க. இனி நீங்க எடுத்துக்கிட்டுப் போனா, பொய்யி சொன்னேன்னு தோட்டமே தெரிஞ்சிக்கிறும். அப்பறம் அவரு மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது?”

“தெரிஞ்சாத் தெரியட்டும். நீ ஒரு வார்த்த சொல்லு, நான் போறேன்.”

சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்தின் கீழ் சிறிய மின்விளக்கு சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தவாறே நின்றாள். அடுத்த அறையில் ஜெனிதா நூலை மூடிவைக்கும் ஓசை கேட்டது. மகள் எல்லாவற்றையும் செவிமடுத்திருக்கிறாள், வெளியே வரமாட்டாள். இசபெல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. றோலண்ட் சோறு வேண்டாமென்று எழுந்து, வண்டியின் பக்கவாட்டில் போய்ச் சாய்ந்து நின்றான்.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெருமழையன்று; மலைநாட்டுக்கே உரிய, ஓயாமல், உரக்கவும் பெய்யாமல், எலும்புவரை இறங்குகிற நூல்மழை. கோயில் சாவடியில் றோலண்ட் தனியொருவனாய்த் தகரங்களைச் சுமந்து ஏற்றினான். இசபெல் உதவிக்குப் போனாள். “நீ உள்ளுக்கு இரு, கைய வெட்டிரும்” என்று அனுப்பிவிட்டான். அவள் முன்னிருக்கையில் அமர்ந்து லெட்சுமியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஜெபமாலையைத் தொடங்கினாள். பின்னால் தகரம் தகரத்தின் மீது விழுந்த ஒவ்வொரு முறையும் வண்டி அதிர்ந்தது. அவள் மணியைத் தவறவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணினாள். நாற்காலிகளைப் பின்னிருக்கையில் நெருக்கி அடுக்கிவிட்டு, கயிற்றை இருமுறை இழுத்துப் பார்த்தபின், றோலண்ட் வந்து சாவியைத் திருகினான். அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தருகில் அவர்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே கூட்டம் நின்றது. மலர்ச்சாலை வண்டி அப்போதுதான் பெட்டியை இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். இருபது முப்பது பேர்; தலையில் உரப்பையும் பொலித்தீனும். நடுவே ஆறு பேரின் தோளில் பழுப்பு நிறப் பெட்டி. மேலே போர்த்திய வெள்ளைத்துணி நனைந்து மரத்தோடு ஒட்டியிருந்தது. பாதை ஒரு வண்டி அகலம்தான்; கடந்து போக வழியில்லை. றோலண்ட் வண்டியை நிறுத்தினான்.

பின்வரிசையில் நின்ற நாலைந்து பேர், தகரத்தை முதலில் மேலே அனுப்பும் வழி தேடி, ஒதுங்கி இடம் பார்க்கிறவர்களாய் வண்டியின் பின்புறம் போனார்கள். போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒருவன் மற்றவனைத் தோளில் தட்டிக் கூப்பிட்டான். இசபெல் பக்கக் கண்ணாடியில் அவர்களைக் கண்டாள். எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. கதவைத் திறந்து இறங்கினாள்.

பின்கதவு கீழே சாய்ந்திருந்தது. அதன்மேல் இருபது எட்டடித் தகரங்கள், ஒரு வளைவுமின்றி, நெடுகப் படுத்துக் கிடந்தன. நுனியில் றோலண்ட் கட்டிய சிவப்புத் துணி மழையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“அடேயப்பா” என்றார் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்த பழனியாண்டி, கழுத்தை மட்டும் திருப்பி. லெட்சுமியின் சொந்தத் தம்பி அவர். “எட்டடித் தகரம் சொகமாப் படுத்துக்கிட்டு வருது. எங்கக்கா பொட்டி ஆறடி. அதுக்குத்தான் எடமில்லாமப் போச்சு.”

“புது வண்டில்ல மாமா. நாத்தம் ஒட்டிக்கிறும்” என்றது இன்னொரு குரல்.

யாரோ சிரித்தார்கள், சிரித்தவுடன் நிறுத்திக்கொண்டார்கள். மழை தகரத்தின் மீது பெய்கிற ஓசை மட்டும் எஞ்சியது. இராமையா பெட்டியின் பக்கத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தார். தகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவர் கண்கள் போயின. காலையில் அவர் அளக்காமல் விட்டதை இப்போது அளந்தார். இசபெல் அவர் வாயிலிருந்து வரவிருக்கும் சொல்லுக்காகத் தலை கவிழ்ந்து காத்து நின்றாள். வைதாலும், காறி உமிழ்ந்தாலும், அது வந்துவிட்டால் போதுமென்றிருந்தது.

“தகரம் வளையும்டா” என்றார் இராமையா, பழனியாண்டியைப் பார்த்து. “பொட்டி வளையுமா? பேசாமத் தூக்கு.”

அவர் குரல் அவளுக்காகப் பேசியது. அவர் கண் அவள் பக்கம் வரவேயில்லை.

றோலண்ட் பாய்ந்து கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தான். “மச்சான், ஒரு நிமிசம். தகரத்த இங்கனயே எறக்கிறேன். ஏத்துங்க மச்சான், கும்புட்டுக் கேக்குறேன்.”

இராமையா அவன் கையின்மீது தம் கையை வைத்தார். “வேணாம் மச்சான். தோள் குடுத்தாச்சு. வழியில எறக்குனா நல்லால்ல. நீங்க பின்னாடியே மெதுவா வாங்க.”

“அண்ணே…” என்றாள் இசபெல்.

அவர் அதற்குள் திரும்பிப் பெட்டியை நோக்கி நடந்துவிட்டார். பழனியாண்டி ஏதோ குரல் கொடுக்க, ஆறு பேரும் ஒரே மூச்சாய் அடியெடுத்து வைத்தார்கள். கூட்டம் ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. றோலண்ட் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினான். இசபெல் ஏறவில்லை. தன் பக்கத்துக் கதவைத் தள்ளிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, கூட்டத்தின் பின்னால் நடந்தாள். பெண்கள் அவளுக்கு இடம் விடவுமில்லை, அவளை விலக்கவுமில்லை. முன்னே நடப்பவர்களுக்கும் அவளுக்கும் இடையில் நாலடி வெளி இருந்தது. அவள் விரைந்தாலும் தயங்கினாலும் அது குறையாமல் கூடாமல் அப்படியே நின்றது.

அவள் தள்ளிய கதவு முழுதாகச் சாத்தவில்லை. வண்டி நகர்ந்ததும் உள்ளிருந்து ஒரு மணி ஒலிக்கத் தொடங்கியது. கதவு திறந்திருப்பதைச் சொல்லும் சின்னஞ்சிறு மணி. ஒரே சுருதியில், ஒரே இடைவெளியில். பறையும் சங்கும் மேலே சாவு வீட்டில் காத்திருந்தன. இந்த இரண்டரை மைலுக்கு வேறு முழக்கம் இல்லை. பாதையின் முதல் முடக்கில் தூக்கியவர்கள் தோள் மாற்ற நின்றார்கள். வண்டி நின்றது, இசபெல் நின்றாள். மணி நிற்கவில்லை. றோலண்ட் கையை நீட்டினால் எட்டுகிற தொலைவில்தான் கதவு இருந்தது. அவன் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு, கண்ணாடித் துடைப்பான் வழித்துப்போட்ட இடைவெளியில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாகத் தோள் கொடுத்தவர்கள் காலைப் பெயர்த்தபோது, ஒருவரும் சொல்லாமலே, அவர்களுடைய அடிகள் அந்த மணிக்கு விழத் தொடங்கின. மேலே முகில் பிளந்து, முதலில் பெட்டியையும், பிறகு ஒவ்வொருவரையும் உள்ளே வாங்கிக்கொண்டது.